முதுநகர் ஏலக் கணக்கு நிரல்: வேறொருவர் சேவையாக விற்கிறார், மூலநிரல் கேட்டதும் கணக்கை முடக்கினார்

உப்பங்கழி (கடலூர்) எழுதியது:

வணக்கம். 2021ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடந்த அந்த 61 நாள்களில், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் என் மாமாவுக்காகக் கணக்கு நிரல் ஒன்றை எழுதினேன். எந்த மீன், எத்தனை கூடை, எந்த வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார் என்று கைப்பேசியில் பதிந்தால், டீசல், ஐஸ், படிக்காசு, ஏலக் கமிஷன் எல்லாவற்றையும் கழித்து, மீதியைப் படகு உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரித்து, சிறு அச்சுப்பொறியில் சீட்டு அடித்துத் தரும். அதை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 3ஆம் பதிப்பின் கீழ் வெளியிட்டேன். சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அச்சுப்பொறிக்கான பகுதியை எழுதி இரண்டு திருத்தங்களாக அனுப்பினார். மற்றவை என் கைப்பட எழுதியவை.

சென்ற மாதம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் விடும் நண்பர் ஒருவர் தம் சீட்டைக் காட்டினார். தலைப்பில் புதுச்சேரி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது; அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சீட்டின் அடியில் ‘பங்கு தொகை’ என்று அச்சாகியிருந்தது. ‘பங்குத் தொகை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘த்’ விட்டவன் நான்தான். மாமா மூன்று ஆண்டாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். சந்தேகத்தில் அவர்கள் சேவையில் 15 நாள் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, உலாவியில் இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பார்த்தேன். அரைக் கிலோவுக்குக் கீழ் உள்ள எடையைக் கழித்துவிடும் என் பழைய பிழைகூட அப்படியே இருந்தது. பக்கத்தின் அடியில் நான் வைத்திருந்த ‘மூலநிரல்’ என்ற இணைப்பும் என் பெயரும் மட்டும் இல்லை.

மூலநிரலைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் என் கணக்கு முடக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் பதில் வந்தது. நாங்கள் நிரலை யாருக்கும் விநியோகிக்கவில்லை, எங்கள் சர்வரில் ஓட்டிச் சேவையாகத் தருகிறோம் என்பது அவர்கள் சொன்ன முதல் காரணம். நிறத்தையும் சீட்டின் தலைப்பையும் மாற்றியது மாற்றம் ஆகாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. 2023இல் ரீட்மீ என்ற என் அறிமுகக் கோப்பில், வணிக நோக்கில் பயன்படுத்த என்னிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரி இருப்பதால் இது திறமூல மென்பொருளே ஆகாது, ஆகவே ஏஜிபிஎல் நிபந்தனைகளும் செல்லாது என்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2024இல் கிட்ஹப்பில் நிரலை வைத்திருந்த என் களஞ்சியத்தைத் தனிப்பட்டதாக மாற்றிவிட்டேன். மாதிரித் தரவுக் கோப்பில் மாமாவின் நோட்டிலிருந்து எடுத்த உண்மையான படகு உரிமையாளர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருந்ததை மிகத் தாமதமாகக் கவனித்ததுதான் காரணம். ஆனால் புதுச்சேரி மாணவர் ஒருவர் பழைய களஞ்சியம் முழுவதையும் வேறொரு பொதுத் தளத்தில் மறுபதிவேற்றம் செய்து வைத்திருக்கிறார். நிறுவனம் அங்கிருந்துதான் எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை நீக்கச் சொல்லித் தளத்துக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பலாமா? நிறுவனத்திடம் மூலநிரலைக் கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா? அடுத்த பதிப்பை மூடிய உரிமத்தில் வெளியிட முடியுமா?

———

வில்லியனூர் சர்வர்காரன் எழுதியது:

நான் வழக்கறிஞர் இல்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி ஒன்றின் சர்வர்களைக் கவனித்து வருகிறேன். உரிமக் கோப்புகளைப் படிப்பது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

விநியோகிக்கவில்லை என்ற அவர்களின் முதல் காரணம் ஏஜிபிஎல்லுக்கு மூத்ததான சாதாரண ஜிபிஎல் உரிமமாக இருந்தால் எடுபட்டிருக்கும். 1991இல் வந்த ஜிபிஎல் 2ஆம் பதிப்பில் கடமைகள் பெரும்பாலும் பிரதியைப் பிறர் கையில் கொடுக்கும்போதுதான் எழும். 2007இல் வந்த 3ஆம் பதிப்பு, பிரதி எதுவும் கை மாறாமல் வலைவழியே ஒருவர் நிரலோடு ஊடாடுவது மட்டும் கைமாற்றம் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால்தான் ஜிபிஎல் உரிமம் கொண்ட, இணையவழிப் பாடங்களுக்கான மூடுலையோ நூலகங்களில் ஓடும் கோஹாவையோ மாற்றி உங்கள் சர்வரில் மட்டும் ஓட்டினால், சர்வர் பக்கத்து மாற்றங்களை யாருக்கும் தர வேண்டியதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2002இல் அஃபெரோ என்ற நிறுவனத்தின் முயற்சியில் முதல் ஏஜிபிஎல் வந்தது. 2007 நவம்பர் 19இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதன் 3ஆம் பதிப்பை வெளியிட்டது. ஜிபிஎல் 3, ஏஜிபிஎல் 3 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 13ஆம் பிரிவைத் தவிரப் பெரிய வேறுபாடு தெரியாது. நீங்கள் நிரலை மாற்றினால், உங்கள் மாற்றிய பதிப்போடு வலைவழியே ஊடாடும் எல்லாப் பயனர்களுக்கும் அதன் முழு மூலநிரலைக் கட்டணமின்றிப் பெறும் வாய்ப்பை, கண்ணில் படும்படி அந்தப் பதிப்பே தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அவர்கள் அழித்த அந்த ‘மூலநிரல்’ இணைப்புதான் வழக்கமாக இந்தக் கடமையை நிறைவேற்றுகிற இடம்.

இரண்டாவது காரணத்துக்கு உரிமத்தின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. அச்சு அசலான நகலைத் தவிர, பதிப்புரிமையாளரின் அனுமதி தேவைப்படும் விதத்தில் படைப்பிலிருந்து எடுப்பதும் தழுவுவதும் மாற்றம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதில் சிறிய மாற்றம், பெரிய மாற்றம் என்ற தராசு கிடையாது. தலைப்பை மாற்றி, பெயரை எடுத்து, இணைப்பை நீக்கிய பிறகு அது அசல் நகல் இல்லை. ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓட்டியிருந்தால் 13ஆம் பிரிவு அவர்களைத் தொட்டிருக்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. உலாவிக்கு அனுப்பப்படும் ஜாவாஸ்கிரிப்ட் என்பது பயனரின் கருவிக்குள் போய்ச் சேரும் பிரதி. அது வலைவழி ஊடாடல் மட்டுமாக நிற்காமல் கைமாற்றமாகவே ஆகிவிடுகிறது. ஆகவே அந்தப் பகுதிக்கு 13ஆம் பிரிவு வரை போக வேண்டியதில்லை. பதிப்புரிமைக் குறிப்புகளைக் காக்க வேண்டும் என்ற 4ஆம் பிரிவும், மாற்றியதையும் மாற்றிய தேதியையும் குறிப்பிட வேண்டும் என்ற 5ஆம் பிரிவும், சுருக்கிய கோப்பை அனுப்பினால் அதன் மூலத்தையும் தர வேண்டும் என்ற 6ஆம் பிரிவும் நேரடியாகவே பொருந்தும்.

கணக்கை முடக்கியது அழகில்லாத செயல்தான். ஆனால் உங்களுக்குச் சேவை தர வேண்டும் என்று ஏஜிபிஎல் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பயனராக இருப்பவர் கேட்கலாம் என்பதுதான் 13ஆம் பிரிவு. உங்கள் தேங்காய்த்திட்டு நண்பர் பணம் கட்டி அன்றாடம் பயன்படுத்துகிறவர், அவர் கேட்கட்டும். அவர் கைக்கு வந்த நிரலை அவர் உங்களுக்குத் தருவதை அவர்கள் தடுத்தால், அது 10ஆம் பிரிவு தடைசெய்யும் கூடுதல் கட்டுப்பாடு என்று வாதிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கிடைப்பது நிரல்தான். அவர்களிடம் சேர்ந்திருக்கும் ஏலத் தரவு, கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் பட்டியல் எதுவும் அதில் வராது. நிரலை நிறுவவும் ஓட்டவும் மாற்றவும் தேவையான ஸ்கிரிப்டுகள் மட்டும் கட்டாயம் வர வேண்டும்.

மாணவர் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியாததற்கு வருந்துகிறேன். நிபந்தனைகளைக் காக்கும்வரை திரும்பப் பெற முடியாதது என்று 2ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கதவைச் சாத்தும் முன் வெளியே போன பிரதி போனதுதான். உரிமக் கோப்போடும் உங்கள் பெயரோடும் அவர் அப்படியே வைத்திருந்தால், 4ஆம் பிரிவு எதைச் செய்யலாம் என்கிறதோ அதைத்தான் செய்திருக்கிறார்.

———

ரெயின்போ நகர் எழுதியது:

நான் இதே புதுச்சேரியில் சிறு சேவை நிறுவனம் நடத்துகிறவன். கேள்வியில் வரும் நிறுவனம் என்னுடையது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை எடுத்தது தவறு, இணைப்பை எடுத்தது தவறு. இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் கணக்கை முடக்கியதை வில்லியனூர் நண்பர் லேசாகக் கண்டித்ததுகூட எனக்கு அதிகமாகப் படுகிறது. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் நிறுவன லினக்ஸின் மூலநிரலைப் பொதுவெளியில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர் தளத்துக்குள் கொண்டுபோனது. வாங்கிய நிரலை மறுவிநியோகம் செய்தால் சந்தாவை முடித்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் ஒப்பந்தம். அதே லினக்ஸுக்கு இணையான இலவசப் பதிப்புகளைத் தரும் அல்மா, ராக்கி குழுவினர் கொதித்தார்கள். ஆனாலும் அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. ஏற்கெனவே கொடுத்த நிரலின் மீதான உரிமையைப் பறிக்காமல், இனிமேல் சேவை தர மாட்டேன் என்று சொல்வது வேறு சங்கதி.

எங்களைப் போன்றவர்களின் பயத்தையும் கொஞ்சம் பாருங்கள். கூகுள் தன் பணியாளர்கள் ஏஜிபிஎல் நிரலைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவிலேயே எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய சட்டப் பிரிவு உள்ளவர்களே ஒதுங்கும் உரிமத்தை, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் யார் முழுதாகப் படிப்பார்? ரீட்மீயைப் படித்துவிட்டு மேலே போவார்கள். அந்த ரீட்மீயில் உரிமத்துக்கு முரணாக ஒரு வரியை எழுதி வைத்தது யார்? மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் மேகச் சேவைக்காரர்கள் தன் நிரலை ஓட்டிச் சம்பாதிப்பது பிடிக்காமல் 2018 அக்டோபரில் ஏஜிபிஎல்லை விட்டு எஸ்எஸ்பிஎல் என்ற புது உரிமத்துக்குப் போனது. திறமூல முன்னெடுப்பு அமைப்பின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை, 2019 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் செய்தது நேர்மையானது. உரிமத்தையே மாற்றினார்கள். ஏஜிபிஎல் பலகையை வாசலில் மாட்டிவிட்டு, உள்ளே வேறு விதி எழுதி வைக்கவில்லை.

———

தட்டாஞ்சாவடி மாணவன் எழுதியது:

அண்ணா, வணக்கம். மறுபதிவேற்றம் செய்தவன் நான்தான். நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். படித்ததும் கை நடுங்கியது.

என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு, படகுப் பங்குக் கணக்கைச் சரியாகச் செய்யும் திறமூல நிரல் வேறு எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் களஞ்சியம் ஒரு நாள் காலையில் 404, அதாவது பக்கம் இல்லை, என்று காட்டியது. என்னிடம் முழுப் பிரதி இருந்ததால், பிறருக்கும் பயன்படட்டும் என்று எல்லாக் கமிட்களோடும் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவோடும்) வேறு தளத்தில் ஏற்றினேன். உரிமக் கோப்பு, உங்கள் பெயர், அச்சுப்பொறிப் பகுதியை எழுதியவரின் பெயர் எதையும் தொடவில்லை. இது அசல் களஞ்சியத்தின் நகல், நான் இதன் ஆசிரியன் இல்லை என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

மாதிரித் தரவில் இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள் என்பது எனக்குத் தெரியாது. பெயர்களைப் பார்த்தபோது நீங்கள் கற்பனையாக எழுதியவை என்றுதான் நினைத்தேன். அந்தக் கோப்பை இன்றே எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரு கமிட்டில் நீக்கினால் மட்டும் போதாது, பழைய கமிட்களில் அது உயிரோடு இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதித்தான் எடுக்க வேண்டும். செய்யலாமா? அப்படிச் செய்தால் நான் நிரலை மாற்றியவன் ஆகிவிடுவேனா என்றும் ஒரு சந்தேகம்.

———

உப்பங்கழி எழுதியது:

தம்பி, உங்கள் மேல் வருத்தம் இல்லை. முகப்பில் நீங்கள் எழுதியிருந்ததைக்கூட நான் ஒழுங்காகப் படிக்காமல்தான் கேள்வியை எழுதினேன். தளத்துக்கு அறிவிப்பு எதுவும் அனுப்ப மாட்டேன். தரவை மட்டும் நீக்கிவிடுங்கள், அது போதும்.

ரீட்மீ வரி என் பிழைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரோ ஒருவர் விற்றுவிடுவார் என்ற பயத்தில் ஓர் இரவு எழுதியது.

———

நீதிமன்றச் சாலை எழுதியது:

புதுச்சேரியில் வழக்கறிஞராக இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். ஆவணங்களைப் பார்க்காமல் யாருக்கும் ஆலோசனை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாணவரே, கை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வரலாற்றைத் திருத்தினால், திருத்திய இடம் முதல் ஒவ்வொரு கமிட்டின் ஹாஷ் மதிப்பும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியும், மாறிவிடும். நிறுவனம் எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்பதை நிறுவ வேண்டிய நேரத்தில், பழைய ஹாஷ்கள் உள்ள பொதுப் பிரதி உங்களுடையது மட்டுமே. முதலில் முழுக் களஞ்சியத்தையும் கிட் பண்டில் ஆக ஒரே கோப்பில் எடுத்து, இணையத்துக்கு வெளியே பென் டிரைவில் வைத்து, ஒரு பிரதியைக் கடலூர் நண்பருக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு தரவை நீக்குங்கள். நீக்கிய பிறகு, எதை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று முகப்பில் ஒரு வரி எழுதினால் ஏஜிபிஎல்லின் 5ஆம் பிரிவின் கடமை தீர்ந்தது. அந்தத் தளம் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், உரிமை இல்லையென்று தெரிந்தே மீறல் அறிவிப்பு அனுப்புகிறவர் டிஎம்சிஏ என்ற அந்நாட்டு இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின் 512ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குப் பொறுப்பாகக்கூடும். அனுப்பாமல் விட்டது நல்லதாயிற்று.

இனி ரீட்மீ வரி. இதில்தான் நிறுவனத்தின் வாதம் தன் காலில் தானே சுட்டுக்கொள்கிறது. உரிமம் செல்லாது என்று வைத்துக்கொண்டால், அவர்களுக்கு அந்த நிரலை நகலெடுக்கவும் மாற்றவும் வேறு எந்த அனுமதி இருக்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு. அனுமதி இல்லாமல் நகலெடுத்தால் மீறல். ஏஜிபிஎல் இருந்தால்தான் அவர்களுக்குத் தரையில் கால் வைக்க இடமே உண்டு.

உங்கள் பக்கத்துக்கும் அந்த வரி வலு சேர்க்காது. கூடுதல் கட்டுப்பாடு ஒட்டிய பிரதியைப் பெறுபவர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்று ஏஜிபிஎல்லின் 7ஆம் பிரிவு சொல்கிறது. உரிமத்தை எழுதிய அறக்கட்டளையும் அப்படித்தான் விளக்குகிறது. அமெரிக்காவில் நியோ4ஜே என்ற தரவுத்தள நிறுவனத்தின் வழக்கில் பதிப்புரிமையாளரே ஏஜிபிஎல்லோடு வணிகத் தடையை ஒட்டியபோது, அதைப் பெற்றவர் கிழித்தெறிய முடியாது என்று கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம் 2021இல் கருதியது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022இல் அதை ஏற்றது. என் கணிப்பில் அது நல்ல தீர்ப்பு இல்லை. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. அந்த வரியை நம்பி வழக்குத் தொடுக்காதீர்கள். 2023க்கு முன் எடுத்த பிரதியில் அந்த வரியே இருக்காது என்பதையும் பாருங்கள். உங்கள் அரைக் கிலோ பிழையைப் பின்னால் எப்போதாவது திருத்தியிருந்தால், திருத்துவதற்கு முந்தைய பிரதியைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்தே காலத்தைக் கணிக்கலாம்.

உரிம நிபந்தனையை மீறினால் அது ஒப்பந்த மீறல் மட்டுமா, பதிப்புரிமை மீறலா என்பது பல நாடுகளில் அடித்துப் புரண்ட கேள்வி. அமெரிக்காவில் 2008இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கு, பொம்மை ரயில் ஓட்டும் நிரலைப் பற்றியது, அது பதிப்புரிமைப் பக்கம் சாய்ந்தது. நம் ஊர்க்காரர்கள் பிரெஞ்சு சம்பந்தம் இல்லாமல் எதையும் விடமாட்டோம் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஆந்த்ரூவேர் என்ற சிறு நிறுவனம் ஆரஞ்சு என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது ஜிபிஎல் மீறலுக்காகத் தொடுத்த வழக்கு பத்து ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. ஒப்பந்த மீறல் மட்டுமே என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பை 2022இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 பிப்ரவரி 14இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருளிழப்புக்கு 5,00,000 யூரோவும் மனச்சேதத்துக்கு 1,50,000 யூரோவும் தரச் சொன்னது.

இந்தியச் சட்டத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு மூலையைத் தோண்டக்கூடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. 2021இல் கொடுத்தீர்கள், காலம் முடிந்துவிட்டது என்று எந்தப் பக்கமிருந்தாவது யாராவது கணக்குப் போடலாம். ஏஜிபிஎல்லின் 2ஆம் பிரிவு பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று குறிப்பிட்டிருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது என்பது என் கருத்து. மற்றொன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: 2021இல் நீங்கள் எங்கேனும் சம்பளத்தில் இருந்தீர்களா? வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் முதலாளி ஆகிவிடுவார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சீட்டின் படம், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, அவர்களின் மின்னஞ்சல் ஆகியவற்றை ஹாஷ் மதிப்போடு சேமியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் நீங்கள் நிரப்பும் பகுதியும் நிபுணர் நிரப்பும் பகுதியும் தனித்தனி. பிறகு பதிப்புரிமையாளர் என்ற முறையில் அறிவிப்பு அனுப்புங்கள். உங்களைப் பயனர் இல்லை என்று சொல்லி அவர்கள் ஒதுக்க முடியாது. ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவை மீறினால் அதன் 8ஆம் பிரிவின்படி அவர்களின் உரிமமே அற்றுப்போகிறது, அதைக் கேட்க நீங்கள் பயனராக இருக்க வேண்டியதில்லை. முதல் முறை மீறுபவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்ப வந்துவிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த அவகாசத்தைக் கொடுத்துவிட்டு மேலே போவது நீதிமன்றத்திலும் நன்றாக இருக்கும்.

வழக்கு என்று வந்தால் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். மேல்முறையீடு இரண்டு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்காக இருந்து, அவசரத் தடையும் கேட்கவில்லையென்றால், வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்லும் சமரச முயற்சி முதலில் கட்டாயம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை.

மூடிய உரிமம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: நீங்கள் எழுதியதை நீங்கள் விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம், ஆனால் அச்சுப்பொறிப் பகுதி சென்னை நண்பருடையது. அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியை நீங்களே புதிதாக எழுத வேண்டும்.

———

உப்பங்கழி எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் பதில்: 2021இல் நான் எங்கும் சம்பளத்தில் இல்லை. அரைக் கிலோ பிழையை 2022 டிசம்பரில் திருத்தியிருக்கிறேன். ஆகவே அவர்கள் எடுத்தது அதற்கு முந்தைய பிரதி, அதில் ரீட்மீ வரி இல்லை, மாணவரின் மறுபதிவேற்றம் அப்போது பிறக்கவும் இல்லை. இத்தனை நாள் அந்தப் பிள்ளையின் மேல் போட்ட சந்தேகத்தை இங்கேயே திரும்பப் பெறுகிறேன்.

தேங்காய்த்திட்டு நண்பர் வாடிக்கையாளராக மூலநிரலைக் கேட்டார். அவர் கணக்கை முடக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர். நான் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். இருபத்தெட்டாம் நாள் ஒரு ஜிப் கோப்பு வந்தது. 2021இல் மாஸ்டடான் என்ற ஏஜிபிஎல் சமூக வலைத்தள நிரலின் குழு, அதை எடுத்து ஓட்டிய டிரூத் சோஷியல் தளத்துக்குக் கடிதம் எழுதியபோதும் ஒரு ஜிப் கோப்புதான் வந்ததாகப் படித்திருந்தேன், ஆகவே ஆச்சரியப்படவில்லை. திறந்து பார்த்தால் சர்வர் பக்க நிரல் இருக்கிறது, என் பெயரும் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் நிறுவுவதற்கான ஸ்கிரிப்டுகளும் தரவுத்தள அமைப்புக் கோப்பும் இல்லை. வில்லியனூர் நண்பர் சொன்னதை அப்படியே சுட்டிக்காட்டி மறு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவையும் வந்தன. பக்கத்தின் அடியில் ‘மூலநிரல்’ இணைப்பு இப்போது இருக்கிறது, சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் அளவில். கண்ணில் படும்படி என்பதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதும் பொறுமை தற்போது இல்லை.

அவர்களின் நிரலில் ஒன்று நன்றாக இருந்தது. ஐஸ் கடன் வைத்த படகுகளுக்கு அடுத்த ஏலத்தில் தானாகவே கழிக்கும் பகுதியை எழுதியிருக்கிறார்கள். மாமா அதைத்தான் இரண்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பெயரோடு அதை என் களஞ்சியத்தில் இணைத்துவிட்டேன். களஞ்சியம் மீண்டும் பொதுவில் இருக்கிறது, கற்பனைப் படகுகளோடு. ரீட்மீ வரி இல்லை. மூடிய உரிமத்தை இப்போதைக்குக் கைவிட்டேன். சென்னை நண்பர் சம்மதிக்க மறுத்தார் என்பது அதில் பாதிக் காரணம்.

தட்டாஞ்சாவடித் தம்பி ‘பங்கு தொகை’யில் ‘த்’ சேர்த்து ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். நிபுணர் நிரப்ப வேண்டிய சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. வரும்வரை அந்தப் பிழை அங்கேயே இருக்கட்டும், தம்பி.